பழைய டெஸ்க்டாப்ப வீட்டு ஃபைல் சர்வரா மாத்துறது எப்படி, அதுல யாருக்கு எந்த ஃபோல்டர தொறந்து விடுறது

எங்க வீட்டுல 2016ல எடுத்த போட்டோ மொத்தமும் ரெண்டு வாரம் காணாம போச்சு. ஹார்ட் டிஸ்க் போகல, வைரஸும் வரல. எட்டாவது படிக்கிற பாப்பா ஏதோ தேடுறப்ப மவுஸ் இழுபட்டு அந்த ஃபோல்டர் அப்படியே போய் மைன்கிராஃப்ட் ஃபோல்டருக்குள்ள உக்காந்துருச்சு. கேம் ஃபோல்டர் எதுக்குடா 60 ஜிபி இருக்குன்னு ஒரு நாள் தற்செயலா பாத்தப்ப தான் கெடச்சுது. தப்பு பாப்பா மேல இல்ல. நான் வச்சிருந்த ஃபைல் சர்வர்ல (வீட்டுல எல்லாரும் நெட்வொர்க் வழியா ஃபைல் போட்டு எடுக்குற பொது கம்ப்யூட்டர்) ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்ட், வீட்டுல எல்லாரும் அதுலயே தான் போயிட்டு வந்துட்டு இருந்தோம், எல்லாருக்கும் எல்லாத்தையும் அழிக்கிற உரிமை இருந்துச்சு.

அதனால இத சர்வர் எப்படி போடுறதுன்னு மட்டும் எழுதல. சர்வர் போடுறது ஒரு ஞாயித்துக்கிழமை வேலை, யாருக்கு எது தெரியணும், யார் எத மாத்தலாம்னு சரியா பிரிக்கிறது தான் இதுல மூளைய கேக்குற வேலை. லினக்ஸ் தெரியாதவங்களுக்கும் ஒத்து வரணும்னு ஓப்பன் மீடியா வால்ட்ங்கிற இலவச சிஸ்டத்த வச்சு சொல்றேன். உள்ள இருக்குறது டெபியன் லினக்ஸ் தான், ஆனா எல்லாத்தையும் பிரவுசர்ல கிளிக் பண்ணியே முடிச்சுடலாம், கருப்பு ஸ்கிரீன்ல டைப் அடிக்க வேண்டியது ரொம்ப கம்மி.

மொதல்ல பேப்பர எடுங்க

நெசமாத்தான் சொல்றேன், கம்ப்யூட்டர ஆன் பண்றதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல இடது பக்கம் ஃபோல்டர் பேரு, மேல வீட்டு ஆளுங்க பேரு எழுதி கட்டம் போடுங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் மூணுல ஒண்ணு தான் வரும்: எழுதலாம், பாக்க மட்டும், கூடாது. எங்க வீட்டு பேப்பர் இப்படி வந்துச்சு. 'பொது'ன்னு ஒரு ஃபோல்டர், எல்லாரும் எழுதலாம், யார் என்ன குப்பை போட்டாலும் கேள்வி இல்ல. 'பேப்பர்ஸ்'னு ஒண்ணு, பட்டா, இன்சூரன்ஸ், ஆதார் ஸ்கேன் எல்லாம் அதுல, அப்பாவும் நானும் பாக்க மட்டும், வைஃப் எழுதலாம் (வீட்டுல எல்லா பேப்பரும் எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவங்க தான்), பாப்பாவுக்கு கூடாது. 'வேலை'ன்னு ஒண்ணு, வைஃப் வீட்டுல இருந்தே ரெண்டு மூணு கடைக்கு கணக்கு பாக்குறாங்க, டாலி பேக்கப் அங்க போகும், அது அவங்களுக்கு மட்டும், எனக்கே கூடாது. 'படம்'னு ஒண்ணு, சினிமா பாட்டு எல்லாம் அதுல, நான் எழுதலாம், மத்தவங்க பாக்க மட்டும்.

'போட்டோ' ஃபோல்டர் தான் முக்கியம். அதுல யாருக்குமே எழுதுற உரிமை கெடையாது, என்னையும் சேத்து தான். எல்லாரும் பாக்கலாம், அவ்ளோ தான். புது போட்டோ போடணும்னா 'இன்பாக்ஸ்'னு தனியா ஒரு ஃபோல்டர், அதுல எல்லாரும் கொட்டலாம். மாசத்துக்கு ஒரு தடவ நான் 'ஆல்பம்'னு ஒரு தனி யூசர்ல போய் இன்பாக்ஸ்ல இருக்குறத போட்டோவுக்கு மாத்திட்டு வெளிய வந்துருவேன். ஓவரா இருக்கேன்னு தோணும். ஆனா யோசிச்சு பாருங்க, உங்க லேப்டாப்ல ரான்சம்வேர் (ஃபைல பூட்டி வச்சுட்டு காசு கேக்குற வைரஸ்) மாதிரி ஏதாவது ஏறுச்சுன்னா அது உங்க பேர்ல தான் ஓடும், உங்களுக்கு சர்வர்ல எங்கெல்லாம் எழுத முடியுமோ அங்கெல்லாம் அதாலயும் எழுத முடியும். பாக்க மட்டும்னு இருக்குற ஃபோல்டர்ல அதோட பருப்பு வேகாது.

எந்த மெஷின்

மூலையில தூசி படிஞ்சு கெடக்குற நாலாவது ஜெனரேஷன் ஐ3 டெஸ்க்டாப் போதும், ரேம் 4 ஜிபி இருந்தா தாராளம். சிஸ்டம் போட ஒரு சின்ன எஸ்எஸ்டி (120 ஜிபி பழசு ஏதாவது), டேட்டாவுக்கு தனியா ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க், பேக்கப்புக்கு யுஎஸ்பில மாட்டுற இன்னொண்ணு. சிஸ்டத்துக்கும் டேட்டாவுக்கும் ஒரே டிஸ்க்க நம்பாதீங்க, இன்ஸ்டாலர் சிஸ்டம் போடுற டிஸ்க்க முழுசா தனக்கே எடுத்துக்கும்.

கரண்ட் பில் கேப்பீங்க. பழைய டெஸ்க்டாப் சும்மா ஓடுறப்ப 40 வாட் இழுக்குதுன்னு வச்சுக்கிட்டா ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1 யூனிட், ரெண்டு மாச பில்லுல 58 யூனிட் கூடும். ஏற்கனவே 500 யூனிட் பக்கத்துல நிக்கிற வீடுன்னா இத யோசிங்க, 500 தாண்டினா ரேட் கணக்கே வேற. அப்படிப்பட்டவங்க ராஸ்பெரி பை 4 மாதிரி சின்ன போர்டுக்கு போகலாம், கரண்ட் ரொம்ப கம்மி, ஆனா அதுல இன்ஸ்டால் பண்ற விதம் வேற, நான் இங்க சொல்றது டெஸ்க்டாப்புக்கு.

சர்வர ரவுட்டரோட கேபிள் போட்டு தான் இணைக்கணும், வைஃபை வேணாம். கேபிள் கேட்5இ இருந்தா போதும். இதுல ஒரு சங்கதி, பழைய கேபிள்ல உள்ள எட்டு கம்பில ஒண்ணு அறுந்திருந்தா கூட சில நேரம் கனெக்ஷன் கெடைக்கும், ஆனா கிகாபிட்டுக்கு பதிலா 100 மெகாபிட்டுக்கு எறங்கிடும். காப்பி பண்றப்ப ஸ்பீடு செகண்டுக்கு 11 எம்பி பக்கத்துல சுவத்துல முட்டுன மாதிரி நிக்குதுன்னா கண்ண மூடிட்டு கேபிள மாத்துங்க. கிகாபிட் ஒழுங்கா ஓடுனா 110 வரைக்கும் போகும். நான் இது தெரியாம டிஸ்க்கு தான் போச்சுன்னு புதுசு வாங்க போயிட்டேன், கடைசில பாத்தா கட்டில் கால் கேபிள் மேல நிக்குது.

இன்னொண்ணு, பயாஸ்குள்ள (மெஷின் ஆன் ஆன உடனே கீ அமுக்கி போற அடிப்படை செட்டிங் பக்கம்) போய் கரண்ட் போயிட்டு வந்தா தானா ஆன் ஆகுற செட்டிங் இருக்கும், 'ஏசி பவர் லாஸ்'னு ஏதாவது பேர்ல இருக்கும், அத ஆன்ல வச்சுடுங்க. இல்லன்னா ஒவ்வொரு பவர் கட்டுக்கும் வீட்டுலேர்ந்து உங்களுக்கு போன் வரும்.

இன்ஸ்டால்

ஓப்பன் மீடியா வால்ட் சைட்ல ஐஎஸ்ஓ ஃபைல டவுன்லோட் பண்ணி, பலேனா எட்சர்ங்கிற சாஃப்ட்வேர் வச்சு ஒரு பென் டிரைவ்ல ஏத்துங்க. அப்புறம் மறக்காம டேட்டா டிஸ்க்கோட கேபிள கழட்டி விட்டுட்டு இன்ஸ்டால் ஆரம்பிங்க. இன்ஸ்டாலர் எந்த டிஸ்க்ல போடணும்னு கேக்கும், தூக்க கலக்கத்துல தப்பானத தேர்ந்தெடுத்தா அதுல இருந்தது எல்லாம் காலி. கழட்டி வச்ச டிஸ்க்க யாராலயும் அழிக்க முடியாது.

நீலக் கலர்ல கட்டம் கட்டமா கேள்வி வரும், மொழி இங்கிலீஷ், இடம் இந்தியா, சர்வருக்கு ஒரு சின்ன பேரு, அப்புறம் ரூட் (எல்லா உரிமையும் உள்ள லினக்ஸோட தலைமை யூசர்) பாஸ்வேர்ட். முடிஞ்சதும் பென் டிரைவ எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணா ஸ்கிரீன்லயே ஐபி அட்ரஸ் காட்டும், 192.168.1.50 மாதிரி. இப்ப மெஷின ஆஃப் பண்ணி டேட்டா டிஸ்க்க மாட்டி திரும்ப ஆன் பண்ணிட்டு, மானிட்டர் கீபோர்டு ரெண்டையும் கழட்டிடலாம்.

உங்க லேப்டாப் பிரவுசர்ல அந்த நம்பர அடிச்சா லாகின் பக்கம் வரும். யூசர் பேரு அட்மின், பாஸ்வேர்ட் ஓப்பன்மீடியாவால்ட், ரெண்டும் இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல, நடுவுல இடைவெளி இல்லாம. உள்ள போன உடனே அந்த பாஸ்வேர்ட மாத்திடுங்க, இது உலகத்துக்கே தெரிஞ்ச பாஸ்வேர்ட். அடுத்து ரவுட்டர் செட்டிங்ல போய் இந்த மெஷினுக்கு இதே ஐபி தான் எப்பவும் கெடைக்கணும்னு ரிசர்வ் பண்ணி வைங்க, இல்லன்னா ஒரு நாள் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகி நம்பர் மாறி சர்வர காணோம்னு தேடுவீங்க.

புதுசா வர்றவங்க எல்லாரும் மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு. இதுல எந்த செட்டிங்க மாத்தி சேவ் பண்ணாலும் அது உடனே நடக்காது, மேல மஞ்சளா ஒரு பட்டை வந்து மாத்துனது காத்துட்டு இருக்குன்னு சொல்லும், அதுல டிக் அடிச்சு அப்ளை பண்ணா தான் உண்டு. நான் சொல்ற ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் கடைசில இது இருக்குன்னு நெனச்சுக்கோங்க.

டிஸ்க்கு

ஸ்டோரேஜ் மெனுல ஃபைல் சிஸ்டம்ஸ் போய் ப்ளஸ் அமுக்கி எக்ஸ்ட்4 (லினக்ஸோட டிஸ்க் ஃபார்மேட்) தேர்ந்தெடுத்து டேட்டா டிஸ்க்க காட்டுங்க. இது ஃபார்மேட் பண்ணும், அதுல பழைய டேட்டா இருந்தா முன்னாடியே வேற எடத்துக்கு மாத்திருக்கணும். விண்டோஸ்ல இருந்த என்டிஎஃப்எஸ் டிஸ்க்க அப்படியே மாட்டி ஓட்டலாமான்னா ஓடும், ஆனா பெர்மிஷன் விஷயத்துல கழுத்தறுக்கும், சோம்பேறித்தனம் பாக்காம எக்ஸ்ட்4 போட்டுடுங்க. முடிஞ்சதும் மவுண்ட் பண்ண (டிஸ்க்க சிஸ்டத்தோட சேத்துக்க) சொல்லும், பண்ணுங்க. 4 டிபி டிஸ்க்கு 3.6 தான் காட்டுதுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க, கம்பெனி ஆயிரத்தால பெருக்குறான், சிஸ்டம் 1024ஆல வகுக்குது, அவ்ளோ தான்.

யூசரும் ஃபோல்டரும்

யூசர்ஸ் மெனுல ஆளுக்கு ஒரு யூசர், பேப்பர்ல எழுதுன மாதிரியே. பேரெல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்து. ஆளுங்களோட கூடவே 'ஆல்பம்'னு ஒண்ணு, 'டிவி'ன்னு ஒண்ணு. டிவிக்கு எதுக்கு யூசர்னா, ஆண்ட்ராய்டு டிவில கோடி, விஎல்சி மாதிரி ஒரு வீடியோ ஆப் போட்டு சர்வர்ல இருக்குற படம் பாக்குறப்ப ஒரு பாஸ்வேர்ட் குடுத்து வைக்கணும், அந்த ரிமோட் யார் கையில எல்லாம் போகும்னு உங்களுக்கே தெரியும். அதுக்கு படமும் போட்டோவும் பாக்க மட்டும், வேற எதுவும் கூடாது.

அடுத்து ஸ்டோரேஜ்ல ஷேர்டு ஃபோல்டர்ஸ். ஒவ்வொரு ஃபோல்டரா உருவாக்குங்க. உருவாக்குறப்ப பெர்மிஷன்னு ஒரு கட்டம் வரும், அதுல அது காட்டுறத அப்படியே விட்டுடுங்க.

இங்க கொஞ்சம் நின்னு வெளங்கிக்கணும். இதுல ரெண்டு பூட்டு இருக்கு. வெளி கேட்டுல ஒண்ணு, வீட்டு கதவுல ஒண்ணு. வெளி கேட்டு பூட்டு சாம்பாங்கிற சர்வீஸ் போடுறது, நெட்வொர்க்ல இருந்து வர்றவங்கள அது தான் நிறுத்தி யாருப்பா நீன்னு கேக்கும். உள் கதவு பூட்டு லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் போடுறது, ஒவ்வொரு ஃபைலுக்கும் யார் சொந்தக்காரர், எந்த குரூப், மத்தவங்க யாருன்னு பாக்கும். ரெண்டும் தொறந்தா தான் உள்ள போக முடியும். நம்ம பண்ணப் போறது என்னன்னா உள் கதவ வீட்டு ஆளுங்க எல்லாருக்கும் தொறந்தே விட்டுட்டு (புதுசா போடுற யூசர் எல்லாரையும் 'யூசர்ஸ்' குரூப்ல அதுவே சேத்துடும்), வெளி கேட்டுல மட்டும் ஆள் பாத்து விடுறது. ரெண்டு பக்கமும் கைய வச்சீங்கன்னா எந்த பூட்டு மாட்டிக்கிச்சுன்னே தெரியாம மண்டை காயும்.

அதனால ஷேர்டு ஃபோல்டர்ல ஏசிஎல்னு ஒரு பட்டன் இருக்கும், அத தொடாதீங்க. அது உள் கதவு. பக்கத்துலயே பெர்மிஷன்ஸ்னு (பழைய வெர்ஷன்ல பிரிவிலேஜஸ்) இன்னொரு பட்டன், அது தான் நமக்கு. ஃபோல்டர தேர்ந்தெடுத்து அத அமுக்குனா யூசர் பேரு வரிசையா வரும், எதிர்ல மூணு கட்டம்: எழுதலாம், பாக்கலாம், கூடாது. பேப்பர பாத்து அப்படியே டிக் அடிங்க. எதையும் காலியா விடாதீங்க, காலியா விட்டா கூடாதுன்னு ஆயிடும்னு நம்பி இருக்காதீங்க. பாப்பாவுக்கு பேப்பர்ஸ் கூடாதுன்னா கூடாதுங்கிற கட்டத்துலயே டிக் இருக்கணும்.

அந்த லிஸ்ட்ல குரூப்பும் வரும். நாலஞ்சு பேர் இருக்குற வீட்டுக்கு குரூப் தேவையே இல்ல, ஆள் பேர்லயே முடிச்சுடுங்க. ரெண்டையும் கலந்தா வம்பு: ஒருத்தர ஆள் பேர்ல பாக்க மட்டும்னு போட்டுட்டு, அவர் இருக்குற குரூப்புக்கு எழுதலாம்னு குடுத்தீங்கன்னா சாம்பா எழுதலாம்ங்கிறத தான் எடுத்துக்கும். நீங்க பூட்டிட்டோம்னு நெனச்சுட்டு இருப்பீங்க, கேட்டு தொறந்து கெடக்கும்.

சாம்பா

பேர பாத்து சாப்பாட்டு ஐட்டம்னு நெனைக்காதீங்க. 1992 வாக்குல ஆஸ்திரேலியாவுல ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்னு ஒருத்தர் விண்டோஸ் பேசுற எஸ்எம்பி பாஷைய யூனிக்ஸ் மெஷினும் பேச எழுதுனது. முன்ன வச்ச பேர இன்னொரு கம்பெனி எங்களுதுன்னு சொன்னதால, கம்ப்யூட்டர்ல இருந்த அகராதில எஸ், எம், பி மூணு எழுத்தும் வர்ற வார்த்தைய தேடி எடுத்தது தான் சாம்பா.

சர்வீசஸ் மெனுல எஸ்எம்பி செட்டிங்ஸ் போய் எனேபிள் பண்ணுங்க. மினிமம் புரோட்டோகால் எஸ்எம்பி2 இருக்கணும், பழைய மீடியா பாக்ஸ் ஏதோ ஓடலன்னு எஸ்எம்பி1க்கு எறக்காதீங்க, 2017ல வானாக்ரைங்கிற ரான்சம்வேர் பரவுனது அந்த எஸ்எம்பி1ல இருந்த ஓட்டை வழியா தான். அப்புறம் ஷேர்ஸ்ல போய் ஒவ்வொரு ஃபோல்டரையும் சேருங்க. பப்ளிக்னு கேக்குற எடத்துல 'நோ'. கெஸ்ட் ஆக்சஸ் குடுத்தா பாஸ்வேர்ட் இல்லாம ஈஸியா இருக்குமேன்னு ஆசை வரும், ஆனா புது விண்டோஸ் கெஸ்ட் கனெக்ஷன அதுவே தடுக்குது, அதுவும் போக இவ்ளோ நேரம் கட்டம் போட்டதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும். கீழ ரீசைக்கிள் பின் இருக்கும், அத ஒவ்வொரு ஷேருக்கும் ஆன் பண்ணி 30 நாள்னு வைங்க. இது இல்லன்னா நெட்வொர்க்ல டிலீட் பண்ணது விண்டோஸ் ரீசைக்கிள் பின்னுக்கு வராது, நேரா போயிடும்.

விண்டோஸ்ல போய் பாக்குறது

ஃபைல் எக்ஸ்புளோரர்ல மேல அட்ரஸ் அடிக்கிற எடத்துல ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு ஐபி நம்பர், இப்படி: \\192.168.1.50. பேரு பாஸ்வேர்ட் கேக்கும். சர்வர்ல உருவாக்குனத குடுக்கணும், லேப்டாப்போட பின் நம்பர அடிச்சுட்டு வேலை செய்யலன்னு சொல்ற ஆளுங்க நெறைய.

அப்புறம் எல்லாரையும் அழ வைக்கிற எரர் ஒண்ணு, நம்பர் 1219. விண்டோஸ் ஒரே சர்வருக்கு ஒரே நேரத்துல ரெண்டு யூசர் பேர்ல போக விடாது. நீங்க உங்க பேர்ல உள்ள போய் பாத்துட்டு, சரி பாப்பா பேர்ல டெஸ்ட் பண்ணுவோம்னு அதே லேப்டாப்ல முயற்சி பண்ணா இது தான் வரும், விண்டோவ மூடிட்டு வந்தாலும் அது பழைய ஆளயே ஞாபகம் வச்சிருக்கும். கமாண்ட் ப்ராம்ட்ல நெட் யூஸ்னு அடிச்சு, இடைவெளி விட்டு ஒரு நட்சத்திரம், இன்னொரு இடைவெளி விட்டு ஸ்லாஷ் டிலீட்னு குடுங்க, எல்லா கனெக்ஷனும் அறுந்துரும். பாஸ்வேர்ட சேவ் பண்ணிருந்தீங்கன்னா கிரெடென்ஷியல் மேனேஜர்லயும் போய் தூக்கணும். இதுக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு, விண்டோஸுக்கு ஐபி நம்பரும் சர்வர் பேரும் ரெண்டு வேற வேற மெஷின். நான் தெனசரி ஐபி நம்பர்ல என் பேர்ல போறேன், ஆல்பம் வேலைக்கு மட்டும் சர்வர் பேரு பின்னாடி புள்ளி லோக்கல்னு போட்டு அந்த யூசர்ல போறேன், ரெண்டும் சண்டை போடாம ஓடுது.

டெஸ்ட் பண்ணாம முடிஞ்சுதுன்னு சொல்லாதீங்க. பாப்பா பேர்ல போய் போட்டோல ஒரு ஃபைல டிலீட் பண்ணி பாருங்க, முடியாதுன்னு வரணும். பேப்பர்ஸ் தொறந்து பாருங்க, தொறக்கக் கூடாது. பொதுல ஒரு ஃபைல் போட்டு, அப்புறம் அப்பா பேர்ல போய் அத மாத்தி சேவ் பண்ணுங்க, இது நடக்கணும். நடக்கலன்னா பெரும்பாலும் அந்த ஃபைல நீங்க ரூட்டா இருந்து காப்பி பண்ணிருப்பீங்க, சொந்தக்காரர் ரூட்னு இருக்கும், உள் கதவு மாட்டிக்கிச்சு. ஓஎம்வி (ஓப்பன் மீடியா வால்ட்டோட சுருக்கம்) எக்ஸ்ட்ராஸ்னு ஒண்ணு போட்டா அதுல ரீசெட் பெர்ம்ஸ்னு ஒரு பிளகின் கெடைக்கும், அந்த ஃபோல்டர காட்டுனா எல்லாத்தையும் சரி பண்ணிடும். எங்க வீட்டுல இந்த டெஸ்ட்ல தான் அப்பாவுக்கு 'வேலை' ஃபோல்டர் தொறந்து கெடந்தது தெரிஞ்சுது, நான் அவருக்கு தப்பான கட்டத்துல டிக் அடிச்சிருந்தேன்.

போன்ல ஆண்ட்ராய்டுன்னா சிஎக்ஸ் ஃபைல் எக்ஸ்புளோரர் மாதிரி ஒரு ஆப், ஐபோன்னா ஃபைல்ஸ் ஆப்லயே கனெக்ட் டு சர்வர் இருக்கு. அவங்கவங்க போன்ல அவங்கவங்க யூசர், உங்க பாஸ்வேர்ட எல்லார் போன்லயும் போட்டு வச்சுட்டு வராதீங்க.

பேக்கப்பும் வெளியூரும்

ரெண்டு டிஸ்க்க ரெய்டுல (ஒண்ணுல எழுதுறத ரெண்டுலயும் சேத்தே எழுதுற ஏற்பாடு) போட்டா பேக்கப்னு பல பேர் நெனைக்கிறாங்க, அது ஒரு டிஸ்க் செத்தா வேலை நிக்காம ஓட மட்டும் தான், நீங்க அழிச்சா ரெண்டுலயும் சேந்தே அழியும். யுஎஸ்பி டிஸ்க் ஒண்ணு வாங்கி யுஎஸ்பி பேக்கப் பிளகின் போட்டுடுங்க, டிஸ்க்க சொருகுனா தானா காப்பி ஓடும், முடிஞ்சதும் கழட்டி பீரோல வைங்க. கழட்டி வைக்கணும், சொருகியே விட்டா இடி விழுந்தா ரெண்டும் சேந்து போகும். ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் போட்டா எழுதிட்டு இருக்குறப்ப கரண்ட் போய் ஃபைல் கெடுறது கொறையும்.

பெங்களூர்ல இருக்குற தம்பி எனக்கும் போட்டோ வேணும்னு கேட்டான். இதுக்கு ரவுட்டர்ல போர்ட் 445அ (எஸ்எம்பி வந்து போற வாசல்) வெளிய தொறந்து விட சொல்லி யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க, தொறந்தா தட்டி பாக்குறதுக்குன்னே உலகம் பூரா ஆட்டோமேட்டிக்கா ஸ்கேன் ஓடிட்டு இருக்கு. டெயில்ஸ்கேல் மாதிரி ஒண்ண (இன்டர்நெட் வழியா நம்ம மெஷினுங்களுக்கு மட்டும் தனி பாதை போட்டு குடுக்குற விபிஎன்) சர்வர்லயும் அவன் லேப்டாப்லயும் போட்டுட்டா வீட்டுக்குள்ள இருக்குற மாதிரியே வந்துருவான். அவனுக்கும் ஒரு யூசர், போட்டோ பாக்க மட்டும், இன்பாக்ஸ்ல எழுதலாம், மத்ததெல்லாம் கூடாது. எதுக்குடா என் மேல நம்பிக்கை இல்லன்னு கேட்டான். எனக்கே இல்லடான்னு என் வரிசைய காட்டுனேன்.